பங்குனியில் ஒரு பச்சைத் திருநாள்

சென்ற இரண்டு வாரங்களாக இந்தப் பக்கத்தில் பரீட்சைக் காய்ச்சலைப் பற்றியே எழுதி நேயர்களின் பொறுமையைச் சோதித்து விட்டேன். இவ்வாரம் விஷயத்தை மாற்றிக்கொள்ள ஒரு பாட்டியம்மாள் உபகாரம் செய்தாள்.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அந்தப் பாட்டியம்மாள் மந்தாரக்குப்பத்துப் பக்கத்திலிருந்து வருகிறவள். கணக்கில் மகா கெட்டிக்காரி. எந்தத் தேதியில் எத்தனை அரை லிட்டர் கூடுதலாக வாங்கினோம் என்பதை மாதக் கடைசியில் மனத்திலிருந்தே சொல்லிவிடுவாள். கல்லூரியில் கணித சாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்ற நான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கடைசியில் அவள் சொன்ன தொகைக்கே வந்து சேருவேன். ஆனால் எழுத்து வாசனை அவளுக்குக் கிடையாது. ஆகையால் ரேஷன் கடைச் சீட்டானாலும் பாங்கிக் கடிதமானாலும் பால் பாத்திரத்துடன் எங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

பங்குனி பிறந்த மறுநாள் காலை அவ்விதம் ஒரு காகிதம் வந்தது. அவளுடைய பேத்தி படிக்கும் பாலர் பள்ளியில் கொடுத்தது. முழுவதும் இங்கிலீஷ்.

"வாத்தியாரய்யா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. பணம் கட்டச் சொல்லியிருக்கா, என்னான்னு பாருங்க. மருமவ ராத்திரியெல்லாம் தூங்கலை" என்றாள்.

படித்துப் பார்த்தேன். பணம் கட்டச் சொல்லவில்லை. அதற்குச் சமமான வேறொன்றைத்தான் சொல்லியிருந்தார்கள். மார்ச்சு 17-ஆம் தேதி செயின்ட் பாட்ரிக் தினம், அன்று குழந்தைகள் எல்லாரும் பச்சை உடை, பச்சைக் குல்லாய் அணிந்து வரவேண்டும், சிற்றுண்டியும் பச்சை நிறமாக இருப்பது விரும்பத் தக்கது, போட்டோ எடுக்கப்படும். இவ்வளவுதான் சங்கதி.

"பச்சையா?" என்று பாட்டியம்மாள் யோசித்தாள். "பொங்கலுக்கு எடுத்தது சேப்பு. பொறந்த நாளுக்கு எடுத்தது ரோசு. பச்சையிலே ஒண்ணும் இல்லையே! எந்தச் சாமிக்குங்க இது?"

அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. மாலையில் சொல்லுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். வாத்தியார் உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இந்த உபாயம் நன்றாகத் தெரியும்.

அன்று ஆசிரியர்கள் அறையில் பிரஸ்தாபித்தேன். விஞ்ஞான ஆசிரியர் அது மரம் நடும் தினமாக இருக்கும் என்றார். தமிழாசிரியர், பச்சை என்றால் புதன் கிரகத்துக்கு உகந்தது, ஆகையால் சோதிட சம்பந்தமான விசேஷம் போலும் என்று அபிப்பிராயப்பட்டார். எங்களில் ஒருவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர். அவர் சிரித்துவிட்டு, "பாட்ரிக் எங்கள் அர்ச்சியசிஷ்டர்தான் ஐயா. ஆனால் இப்போது தவக்காலம். நாங்கள் சிலுவைப் பாதைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். பச்சைக் குல்லாய்க்கு எங்கே நேரம்?" என்றார். ஆக, இந்த நகரத்தில் அந்தப் பண்டிகைக்குச் சொந்தக்காரராகக் கூடியவரும் அதைக் கைவிட்டு விட்டார். பாலர் பள்ளிதான் அதைத் தத்து எடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்படித் தத்து எடுப்பது தவறென்று நான் சொல்லமாட்டேன். யாருடைய பண்டிகையானாலும் குழந்தைகளுக்கு ஒரு நாள் சந்தோஷமாகக் கழிந்தால் நல்லதே. ஆனால் தத்து எடுத்த பிள்ளையின் தாய் தகப்பன் பேராவது தெரிந்திருக்க வேண்டாமா? பச்சை உடை வாங்கும்படி சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பாட்டியம்மாளின் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எந்தச் சாமிக்கு இது?

சாமி அல்ல, ஓர் அடிமைப் பையன். கிறிஸ்துவுக்குப் பின் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாட்ரிக், அயர்லாந்துக்காரரே அல்லர். ரோமாபுரியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பிரிட்டனில் பிறந்தவர். ஏறக்குறையப் பதினாறு வயதில் ஐரிஷ் கொள்ளைக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போய் அடிமையாக்கினார்கள். ஆறு வருஷம் மலைச் சாரலில் மந்தை மேய்த்தார். பிறகு தப்பி, கால்நடையாக வெகு தூரம் நடந்து, கப்பல் ஏறித் தம் ஊர் போய்ச் சேர்ந்தார். அத்துடன் நின்றிருந்தால் யாரும் அவரை நினைக்கப் போவதில்லை. தம்மை அடிமையாக வைத்திருந்த அதே தேசத்துக்குப் பல வருஷங்களுக்குப் பின் பாதிரியாகத் திரும்பிப் போனார். லத்தீன் பாஷையில் அவர் எழுதிய இரண்டு சிறு நூல்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்று தம் வாழ்க்கையைப் பற்றியது. மற்றொன்று, தாம் ஞானஸ்நானம் கொடுத்த ஜனங்களைப் பிடித்து அடிமைகளாக விற்ற ஒரு சேனைத் தலைவனைக் கண்டித்து எழுதிய நிருபம். அடிமை வாழ்வின் ருசி அறிந்தவரின் கோபம் அதில் இருக்கிறது. அயர்லாந்திலிருந்து பாம்புகளையெல்லாம் அவர் விரட்டினார் என்ற கதை பின்னால் வந்து சேர்ந்தது. அத்தீவில் விரட்டுவதற்குப் பாம்புகளே இருந்ததில்லை என்கிறார்கள் பிராணி சாஸ்திரிகள். மகான்களுக்குச் செய்யாத வேலையையும் சேர்த்துப் புகழ்வது எல்லாத் தேசத்திலும் உள்ள வழக்கம்.

மார்ச்சு 17 அவர் உயிர் நீத்த தினம் என்பது ஐதிகம். பச்சை நிறமோ வெகு பிற்காலத்து விஷயம். 1783-ல் ஆங்கில அரசாங்கம் பாட்ரிக் பெயரால் ஏற்படுத்திய விருதின் நாடாவின் நிறம் நீலம்! 1798-ல் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கலகம் செய்த ஐரிஷ் தேசபக்தர்கள் பச்சையைத் தங்கள் நிறமாகக் கொண்டார்கள். அதன் பிறகு அது தேசிய நிறமாயிற்று. மூன்றிலைப் பூண்டு ஒன்றை அன்று சட்டையில் குத்திக்கொள்வார்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற தத்துவத்தை அந்த மூன்றிலையைக் காட்டி பாட்ரிக் விளக்கினார் என்பது கர்ண பரம்பரை. வில்வ தளத்தைக் கையில் வைத்துக்கொண்டு முக்கண்ணனையும் மும்மூர்த்திகளையும் நினைக்கும் நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. ஆங்கிலப் பட்டாளத்தில் சேர்ந்திருந்த ஐரிஷ் சிப்பாய்கள் அந்த இலையை அணிய அநுமதி கிடைத்தது 1900-ல்தான். தென்னாப்பிரிக்க யுத்தத்தில் அவர்கள் ஏராளமாக மடிந்த பிறகு விக்டோரியா மகாராணி மனமிரங்கி உத்தரவளித்தார். ஓர் இலையை அணிய எத்தனை உயிர் விலை!

இந்த இடத்தில் நமக்கும் அயர்லாந்துக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் போக முடியாது. அந்நியப் பண்டிகை என்று ஒதுக்கிவிட நினைக்கும்போதே அந்த உறவு வந்து கையைப் பிடிக்கிறது. பகிஷ்காரம் என்பதை 'பாய்காட்' என்று சொல்லுகிறோமே, அது ஒரு மனிதனுடைய பெயர். 1880-ல் மேயோ ஜில்லாவில் ஒரு ஜமீன்தாரின் காரியஸ்தனாக இருந்து குடியானவர்களை வாட்டிய காப்டன் பாய்காட் என்பவனுக்கு, ஊரார் ஒருவரும் அறுவடை செய்ய வரவில்லை. கடைக்காரன் சாமான் விற்கவில்லை. யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐம்பது வெளியூர் ஆட்களைக் கொண்டு அவன் பயிரை அறுக்க, காவலுக்கு ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்கள் வந்தார்களாம். உருளைக்கிழங்குக்குத் துப்பாக்கிக் காவல்! 'ஹோம் ரூல்' என்ற வார்த்தையும் அங்கிருந்து வந்ததே. அதை 1916-ல் சென்னை அடையாற்றிலிருந்து முழங்கிய அன்னி பெசன்ட் அம்மையாரின் உடலில் ஓடியதும் பெரும்பாலும் ஐரிஷ் ரத்தந்தான்.

சென்னை ராஜதானியின் பெர்ஹாம்பூரில் பிறந்த வி. வி. கிரி, சட்டம் படிக்க 1913-ல் போனது லண்டனுக்கு அல்ல, டப்ளினுக்கு. 1916-ஆம் வருஷத்து ஈஸ்டர் எழுச்சிக்குப் பின் அங்கே இருக்க முடியாமல் தாய்நாடு திரும்பினார். பிற்காலத்தில் அவர் நம் குடியரசின் தலைவர் ஆனதை யாவரும் அறிவர். அவர் படித்த பாடம் வீண் போகவில்லை; நம் அரசியல் சட்டத்தின் வழிகாட்டும் கொள்கைகள் 1937-ஆம் வருஷத்து ஐரிஷ் அரசியல் சட்டத்தைப் பார்த்து அமைந்தவை.

ராஸ்காமன் ஜில்லாவில் பிறந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார் 1915-ல் இந்தியாவுக்கு வந்தார். மதனப்பள்ளிக் கல்லூரிக்கு 1919-ல் தாகூர் விஜயம் செய்தபோது 'ஜன கண மன' கீதத்துக்கு ஸ்வரம் எழுதி வைத்தவர் இந்த அம்மையார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்தக் கீதத்தைப் பாடும்போதெல்லாம் ஓர் ஐரிஷ் மாது பக்கத்தில் நிற்பதாக எனக்குத் தோன்றும். பெண்களுக்கு வோட்டுரிமை கேட்டுத் தம் நாட்டில் சிறை புகுந்தவர். 1932-ல் நம் நாட்டிலும் சிறை புகுந்தார்.

ஜாலந்தரில் 1920 ஜூன் மாதம் நடந்ததையும் சொல்லவேண்டும். கன்னாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் பட்டாளத்துச் சிப்பாய்கள், தங்கள் தேசத்தில் ஆங்கிலத் துருப்புகள் செய்யும் அட்டூழியத்தைக் கேள்விப்பட்டு, இனி ஆங்கில அரசுக்கு ஊழியம் செய்வதில்லையென்று துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். சோலனிலும் கலகம் பரவியது. ஜேம்ஸ் டேலி என்ற இளைஞனை அவ்வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி டக்ஷாயில் சுட்டுக் கொன்றார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1970-ல் அவனுடைய எலும்புகள் தாய்நாடு திரும்பின. இந்த வீரக் கதையைச் சொல்லும் வாய், ஜாலியன்வாலா பாக் படுகொலையை ஆதரித்த பஞ்சாப் கவர்னர் ஓட்வயரும் அயர்லாந்தின் டிப்பரேரி ஜில்லாவில் பிறந்தவர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தேசத்தின் பெயரால் நல்லவர்களை மட்டும் எண்ணிக்கொள்வது சரித்திரம் ஆகாது.

சரி, பண்டிகைக்கு வருவோம். உலகமெல்லாம் பச்சைக் குல்லாயும் பச்சை பீர் மதுவுமாகக் கும்மாளமிடும் இந்த நாளை, சொந்த நாட்டில் எப்படிக் கொண்டாடினார்கள் தெரியுமா? காலையில் கோயில் பூசை. வீட்டில் ஒரு நல்ல சாப்பாடு. தவக்காலத்து விரதத்தில் அன்று ஒரு நாள் தளர்வு. அவ்வளவே. பொது விடுமுறையாக ஆனதே 1903-ல்தான். சுதந்திரம் வந்த பின் 1927-ல் ஐரிஷ் சர்க்கார், அந்தத் தினத்தில் மது விற்கக் கூடாது என்று சட்டம் செய்துவிட்டார்கள். 1961 வரையில் அந்தச் சட்டம் இருந்தது. சேலம் ஜில்லாவில் 1937-ல் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டு வந்த கதையைப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டவர்களுக்கு இந்தச் சட்டத்தின் மேல் ஒரு மரியாதை உண்டாகும். ஆனால் சட்டம் என்று இருந்தால் அதில் ஒரு பொந்தும் இருக்குமே! டப்ளினில் அன்று நடக்கும் நாய்க் கண்காட்சிக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஆகையால் அந்த நகரத்துப் பெரிய மனிதர்கள் பலருக்கு மார்ச்சு 17-ஆம் தேதி மட்டும் நாய் ஜாதிகளைப் பற்றி அபார சிரத்தை ஏற்படுவது வழக்கமாம். நம் ஊரில் பர்மிட் வாங்குவதற்காக டாக்டரிடம் திடீர் வியாதி சொன்னவர்களின் உடன் பிறந்தார்கள் போலும்.

ஆடம்பர ஊர்வலங்கள் எல்லாம் கடல் கடந்து போனவர்கள் உண்டாக்கியவை. நியூயார்க்கில் 1762-ஆம் வருஷமே ஊர்வலம் நடந்துவிட்டது. நடத்தியவர்கள் ஆங்கிலப் பட்டாளத்தில் கூலிக்கு இருந்த ஐரிஷ் சிப்பாய்கள். 1845 முதல் சில வருஷங்கள் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் போய், அயர்லாந்தில் பத்து லக்ஷம் ஜனங்கள் பஞ்சத்தில் மடிந்தார்கள். பத்து லக்ஷத்துக்கு மேல் கப்பலேறினார்கள். போன இடத்தில் வேலை கேட்டால் ஐரிஷ்காரனுக்கு இல்லை என்றார்கள். அப்படிப்பட்டவர்கள் வருஷத்தில் ஒரு நாள் தெருவை அடைத்துக்கொண்டு நடந்து, 'நாங்களும் இருக்கிறோம்' என்று காட்டினார்கள். சிகாகோ நகரத்தில் 1962 முதல் நதியையே பச்சைச் சாயத்தில் முக்குகிறார்கள். டப்ளினில் இன்று நடக்கும் பெரிய உற்சவமோ 1996-ல் தொடங்கியது. பிள்ளை அயலூரில் செய்ததைப் பார்த்துத் தாய் கற்றுக்கொண்டாள்.

தாது வருஷப் பஞ்சத்தைத் தெரிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்கும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் போன நம்மவர்கள் எந்தப் பண்டிகையைப் பெரிதாக்கினார்கள்? தைப்பூசத்தை. பத்து மலையில் 1892 முதல் நடக்கும் தைப்பூசத்துக்கு ஈடாகத் தாய்நாட்டில் எத்தனை ஊர்களைச் சொல்ல முடியும்? ஊரில் இருக்கிறவனுக்குப் பண்டிகை காலண்டரில் இருக்கிறது. ஊரை விட்டவனுக்கோ அதுவே ஊர்.

இதற்கெல்லாம் மேலான ஓர் உதாரணம் மேற்கிந்தியத் தீவுகளில் இருக்கிறது. மாண்ட்சரட் என்று ஒரு குட்டித் தீவு. அங்கே ஐரிஷ்காரர்கள் தோட்ட முதலாளிகள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் அடிமைகள். 1768-ஆம் வருஷம் மார்ச்சு 17-ஆம் தேதி எஜமானர்கள் பாட்ரிக் தினம் கொண்டாடிக் குடித்துக் கிடப்பார்கள், அப்போது கிளம்பலாம் என்று அடிமைகள் திட்டமிட்டார்கள். ரகசியம் வெளிப்பட்டுவிட்டது. ஒன்பது பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அடிமையாக இருந்த ஒருவருடைய திருநாளில், அவர் பெயரைச் சொல்லிக் குடித்தவர்கள், விடுதலை கேட்டவர்களைத் தூக்கிலிட்டார்கள்! இன்று அந்தத் தீவில் மார்ச்சு 17 பொது விடுமுறை. 1985 முதல் அப்படி. அவர்கள் நினைப்பது தூக்கு மரம் ஏறியவர்களை. 1995-ல் அங்கே எரிமலை பொங்கிற்று. தலைநகரம் சாம்பலில் புதைந்தது. தீவின் ஜனங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். மீதியிருப்பவர்கள் வடபாகத்தில் ஒண்டிக்கொண்டு இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். பாட்ரிக்கை எனக்குக் கண் முன் காட்டுவது சிகாகோவின் பச்சை நதி அல்ல, இந்தச் சாம்பல் தீவுதான்.

நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கும்போது, சற்று நெஞ்சைத் தொடுகிறது. எங்கள் நகரத்தையும் பாருங்கள். எல்லாம் வேறெங்கிருந்தோ வந்தவர்களுடைய குடியிருப்பு. 1956-ல் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். திருநெல்வேலி, தஞ்சாவூர், கேரளம், ஆந்திரம் என்று நாலா திசைகளிலிருந்தும் வந்து, வட்டம் வட்டமாக அமைந்த வீடுகளில் குடியேறினோம். எந்தப் பண்டிகையானாலும் பாதி வட்டம் காலியாகிவிடும். எல்லாரும் 'ஊருக்கு'ப் போய்விடுவார்கள். இங்கேயே பிறந்து இங்கேயே பென்ஷன் வாங்கியவரைக் கேட்டாலும் 'எங்கள் ஊர்' என்று வேறொன்றைத்தான் சொல்லுவார்.

தொழிலிலும் அயர்லாந்து எங்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். நிலக்கரி அதிகம் இல்லாத அந்நாட்டில், சதுப்பு நிலங்களில் தழை மட்கிக் கிடக்கும் கரிமண்ணை வெட்டி, உலர்த்தி, அடுப்பெரிப்பார்கள். 1946-ல் அதற்கென்று சர்க்கார் ஸ்தாபனம் ஒன்று ஏற்படுத்தினார்கள். 1950 முதல் அதை எரித்து மின்சாரம் எடுத்தார்கள். கரிமண்ணுக்கு வயது சில ஆயிரம் வருஷம். நம் பழுப்பு நிலக்கரிக்கோ கோடிக்கணக்கில். வயது வித்தியாசத்தைத் தவிர, இரண்டும் ஒரே குடும்பந்தான். அவர்கள் கரிமண்ணை அழுத்திக் கட்டிகளாக்கி வீடுகளுக்கு விற்றார்கள். இங்கேயும் 'லெகோ' என்ற கரிக்கட்டி செய்து விற்றார்கள். எங்கள் பாட்டி வீட்டுக் கும்மட்டி அடுப்பில் அது கனிந்து கிடந்த செந்நிறம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. பூமி சூடேறுவது கருதி, அயர்லாந்தில் அந்த மின்சார நிலையங்கள் 2020-ல் மூடப்பட்டன. எஞ்சிய ஒன்றும் 2023 முடிவில் கரிமண் எரிப்பதை நிறுத்திற்று. அந்தச் சதுப்பு ஊர்களின் தொழிலாளர் பிள்ளைகள் இனி எங்கே போவார்கள் என்ற கேள்வி அங்கே எழுந்திருக்கிறது. எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கும் அது எழுகிறது.

மாலையில் பாட்டியம்மாள் வந்தாள். இவ்வளவையும் அவளிடம் சொல்லவில்லை, சுருக்கமாகத்தான் சொன்னேன். சின்ன வயதில் பிடித்துக்கொண்டு போய் மாடு மேய்க்க விட்டுவிட்டார்கள், தப்பி ஓடி வந்தவர், பிறகு அந்த ஊர் ஜனங்களுக்கே நல்லது செய்யப் போனார் என்றேன். "ஐயோ பாவம்! புள்ளையையா புடிச்சுக்கிட்டுப் போனானுங்க?" என்றாள். பாம்பு விரட்டிய கதையையும் சொன்னேன். அதை அவள் சிறிதும் சந்தேகிக்கவில்லை.

ஊரை விட்டுப் போனவர்கள்தான் அதைப் பெரிய பண்டிகையாக்கினார்கள் என்று சொன்னதும் அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "உத்திரம் மாதிரி" என்றாள்.

வேலுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரத்தைச் சொல்லுகிறாள் என்று தெரிந்துகொண்டேன். வெளியூர் நேயர்களுக்குச் சொல்லவேண்டும்: இந்த நகரியத்துக்குள்ளேயே அந்தக் கோயில் இருக்கிறது. நகரியம் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே முருகன் அங்கே குடியிருந்தான். பங்குனி உத்திரத்தன்று காவடிகள் நாலா பக்கத்திலிருந்தும் வந்து குவியும். எங்கள் அகலமான சாலைகளில் பால் குடமும் பன்னீர்க் காவடியுமாக ஜன சமுத்திரம். மரத்தடிகளில் நீர்மோர்ப் பந்தல், பானகம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நெய்வேலி சொந்த ஊர் போலத் தோன்றுகிறது.

"எங்க ஊரு இப்ப இல்லீங்களே" என்றாள் பாட்டியம்மாள். "சொரங்கத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. நான் கண்ணாலம் கட்டி வந்த வூடு, கெணறு, புளியமரம், அம்மன் கோயிலு, எல்லாம் போச்சு. பள்ளந்தான் இருக்குது. அந்தப் பள்ளத்துலே எது எங்க தெருன்னு யாரு சொல்லுவா? சனங்க ஒவ்வொருத்தரும் ஒரு பக்கம். உத்திரத்துக்குக் காவடி எடுக்க வருவாங்க பாருங்க, அப்பத்தான் எங்க தெருவே ஒண்ணாச் சேரும். கோயிலு வாசல்லே ஒரு வேப்ப மரத்தடிதான் எங்க தெரு. அங்கேயே சோத்தைக் கட்டிக்கிட்டு வந்து குந்திக்குவோம். போன வருசம் எங்க நாத்தனார் வரலை. செத்துப் போச்சு."

சுரங்கத்தினால் கிடைத்த மின்சார விளக்கின் கீழ் உட்கார்ந்துதான் நான் இதை எழுதுகிறேன். அவள் சொன்ன பள்ளத்தின் சம்பளத்தில் இந்த நகரத்துப் பிள்ளைகள் எல்லாரும் படித்தார்கள். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வேண்டுமென்று வகுப்பில் பாடம் நடத்துகிறவனே நான். ஆனால் அந்த வேப்பமரத்தடித் தெருவைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. மாண்ட்சரட் தீவின் சாம்பலைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. பதினைந்து வருஷமாகப் பால் ஊற்றும் அம்மாளின் ஊர் எங்கே போயிற்று என்று நான் இதுவரையில் கேட்டதில்லை.

பாலர் பள்ளிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பச்சை தினம் கொண்டாடுங்கள். வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஆனால் ஒப்பந்தக் கூலிக்காரர் வீட்டில், ஒரு போட்டோவுக்காக முந்நூறு ரூபாயில் பச்சைக் கவுனும் குல்லாயும் வாங்க வைக்காதீர்கள். அயர்லாந்தில் ஏழையும் பணக்காரனும் செலவில்லாமல் அணிந்துகொள்ளத் தக்கது அந்த மூன்றிலை. அதனால்தான் அது அவர்கள் சின்னம் ஆயிற்று.

அந்த மூன்றிலை நம் ஊரில் கிடையாதா என்று கேட்பீர்கள். அதே பூண்டு கிடையாது. ஆனால் எங்கள் வீட்டுக் கொல்லைக் குழாயடியில், ஈரம் கசியும் இடத்தில், புளியாரை படர்ந்து கிடக்கிறது. இருதய வடிவமான மூன்று சின்ன இலைகள்; பார்த்தால் அசல் ஐரிஷ் இலைக்குத் தங்கை என்றே சொல்லலாம். அதன் ஜாதியைச் சேர்ந்த செடிகளையே மேல் நாட்டுக் கடைகளில் பாட்ரிக் தினத்துக்குத் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். நாலிலைப் பூண்டு கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று அவர்கள் தேடுகிறார்கள். நம் வயல் வரப்பில் ஆரைக்கீரை முழுதும் நாலிலைதான். அதிர்ஷ்டத்தைக் கட்டுக் கட்டாகக் கடைந்து சாப்பிட்டவர்கள் நாம்.

ஒரு கொத்துப் புளியாரையைப் பறித்து, நனைந்த துணியில் சுற்றிப் பாட்டியம்மாளிடம் கொடுத்தேன். "நாளைக் காலையில் பேத்தியின் சிவப்புக் கவுனிலேயே ஊசி கொண்டு இதைக் குத்தி அனுப்புங்கள். யாராவது கேட்டால், உண்மையான பாட்ரிக் தினம் இப்படித்தான் என்று வாத்தியார் சொன்னார் என்று சொல்லச் சொல்லுங்கள்" என்றேன்.

அவள் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது புளியாரைங்களே! இதையா சட்டையிலே குத்திக்கிறாங்க? தொவையல் அரைப்போமே!" என்று சொல்லிவிட்டு, அநுமதி கேளாமலே குழாயடிக்குப் போய் மடி நிறையப் பறித்துக்கொண்டாள்.

மறுநாள் மாலை பால் வந்தபோது, குழந்தையும் கூட வந்தது. போட்டோ எடுத்தார்களா என்று கேட்டேன். எடுத்தார்களாம். இலை எங்கே என்று கேட்டேன். பச்சைச் சிற்றுண்டி கொண்டுவராததனால் அதைத் தின்றுவிட்டதாகச் சொல்லிற்று. கொஞ்சம் புளிப்பாக இருந்ததாம்.